ஏவந்தியா வீட்டுப் பாத்திரம்

என் நாத்தனார் பஹீகா, நான் மதினி என்று கூப்பிடுகிறவள், எதையும் தூக்கி எறிந்து நான் பார்த்ததில்லை. கல்யாணமாகி நான் இந்தக் கட்டடத்துக்கு வந்த புதிதில் ஒரு சர்க்கரைக் கிண்ணம் கைதவறி உடைந்தது. சில்லுகளோடு அதன் மூடியையும் சேர்த்துக் குப்பையில் போட்டேன். மறுநாள் காலையில் பார்த்தால், மூடி மட்டும் கழுவித் துடைத்து அலமாரியில் மகாராணி மாதிரி உட்கார்ந்திருக்கிறது.

"கிண்ணம் உடைஞ்சா மூடி என்னடி பாவம் பண்ணுச்சு?" என்றாள் மதினி.

புதுப்பெண் ஆயிற்றே, வாயை மூடிக்கொண்டேன். அன்றைக்கு மூடியதோடு சரி. அப்புறம் இத்தனை வருஷத்தில் நான் எங்கே மூடினேன்!

அலெக்சாந்திரியாவில் அத்தாரீன் கடைத்தெருவுக்குப் பின்னால் ஒரு சந்து. அதில் மூன்றாவது மாடியில் மதினி, இரண்டாவது மாடியில் நானும் என் வீட்டுக்காரர் சப்ரியும். மதினி இருப்பது என் மாமனார் மாமியார் குடியிருந்த வீடு. அவள் பிறந்ததும் அங்கேதான், பல் முளைத்ததும் அங்கேதான், இப்போது ஒவ்வொன்றாகப் பல் விழுவதும் அங்கேதான். நடுவில் ஒருநாளும் வேறு கூரையின் கீழ் அவள் படுத்ததில்லை.

மூன்று முறை நிச்சயம் நடந்தது அவளுக்கு. முதல் மாப்பிள்ளை சண்டைக்குப் போனவன், திரும்பவில்லை. அவனுடைய போட்டோவை மட்டும் இன்னும் வைத்திருக்கிறாள், அதைப்பற்றி யாரும் பேசக்கூடாது. இரண்டாவது இடம் குளிர்சாதனப் பெட்டி யார் வாங்குவது என்ற சண்டையில் முறிந்தது. மூன்றாமவன் வளைகுடாவுக்குப் போய் அங்கேயே ஒருத்தியைக் கட்டிக்கொண்டான். "ஜாடிக்கேத்த மூடி எங்கயாவது இருக்கும்" என்று சந்துப் பெண்கள் ஆறுதல் சொல்வார்கள். கொஞ்ச நாள் போனதும் அதையே கிண்டலாகச் சொன்னார்கள். மதினி கண்டுகொள்ளமாட்டாள். பெரிய கடைத்தெருவில் இருந்த அரசாங்கப் பல்பொருள் கடையில் பொட்டலம் கட்டும் பிரிவில் வேலை. கண்ணாடிச் சாமானை வைக்கோலில் பொதிந்து அவள் கட்டிக் கொடுத்தால், ஒட்டகத்தின் முதுகிலிருந்து விழுந்தாலும் உடையாது. பென்ஷன் வாங்கும்வரை அந்த வேலைதான்.

அவள் சின்னப் பெண்ணாக இருந்தபோதிலிருந்தே என் மாமியார் தஃபீதா சீர்ச் சாமான் சேர்க்க ஆரம்பித்திருந்தார். தங்கக் கரை போட்ட தேநீர்க் கோப்பைகள், கண்ணாடி டம்ளர்கள், மேசை விரிப்புகள். எல்லாம் கட்டிலுக்கு அடியில் பெட்டி பெட்டியாகக் கிடந்தன. எல்லாம் கல்யாணத்துக்கு. கல்யாணம்தான் வரவில்லை.

மாமியாரைப் பற்றிச் சொன்னால் ஏவந்தியாவைப் பற்றிச் சொல்லாமல் முடியாது.

ஏவந்தியா எதிர்வீட்டுக் கிரேக்கப் பெண். புருஷனுக்குத் துறைமுகத்தில் படகுகளுக்குப் பெயிண்ட் அடிக்கும் வேலை. மதினி வயதில் ஃபொதினி என்று ஒரு மகள். இரண்டு வீட்டுக்கும் நடுவில் கதவு இருந்ததே தவிர, அது சாத்தியிருந்து யாரும் பார்த்ததில்லையாம். இந்த வீட்டில் மீன் பொரித்தால் அந்த வீட்டுக்கு ஒரு தட்டு போகும். அந்த வீட்டில் திராட்சை இலையில் சோறு சுருட்டினால் இங்கே ஒரு பாத்திரம் வரும். எங்கள் பக்கத்து வழக்கம் ஒன்று உண்டு. அண்டை வீட்டிலிருந்து வந்த பாத்திரத்தை வெறுமையாகத் திருப்பக்கூடாது. கழுவி, உள்ளே ஏதாவது போட்டுத்தான் கொடுக்கவேண்டும். ஒன்றுமில்லாவிட்டால் நாலு பேரீச்சம்பழமாவது.

அவர்கள் ஊரைவிட்டுப் போன வருஷம், நோன்பு முடிய இருந்த சமயம் ஏவந்தியா ஒரு பாத்திரம் நிறையத் திராட்சை இலைச் சுருள் அனுப்பியிருக்கிறார். மாமியார் அதைக் காலி செய்து கழுவி வைத்துவிட்டு, "பெருநாள்தான் வருதே, சும்மா அரிசியும் பருப்பும் போட்டா குடுக்கிறது? கஹ்க் பிஸ்கட்டு சுட்டு நிறைச்சுக் குடுப்போம்" என்று சொல்லியிருக்கிறார். அரசாங்கக் கெடுபிடியில், கிரேக்கர் உள்பட அந்நியர்கள் எல்லாம் மூட்டை கட்டிக் கப்பலேறிக்கொண்டிருந்த காலம் அது. யார் என்றைக்குப் போவார்கள் என்று அவர்களுக்கே தெரியாது. மாமியார் கஹ்க் தட்டுகளைத் தலையில் சுமந்து முக்கு ரொட்டிக் கடை அடுப்பில் வேகவைத்துக்கொண்டு திரும்பி வருகிறார், எதிர்வீட்டில் பூட்டுத் தொங்குகிறது. படிக்கட்டிலேயே சூடான தட்டுகளோடு உட்கார்ந்து அம்மா அழுததை மதினி எனக்கு எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறாள். "அன்னிக்குப் பெருநாள் பலகாரம் எங்க யாருக்கும் இறங்கலடி" என்பாள்.

அதற்கப்புறம் மாமியார் அந்தப் பாத்திரத்தில் ஒரு பருக்கை சமைக்கவில்லை, யாருக்கும் இரவல் கொடுக்கவும் இல்லை. அடுப்படி அலமாரியின் உச்சியில் ஏற்றிவிட்டார். கடைசியில் அவருக்கு வாதம் வந்து நாக்குக் குழறிப்போனது. போவதற்கு முன் மதினியின் கையைப் பிடித்துக்கொண்டு, விரலால் அலமாரி உச்சியைக் காட்டினார்.

"ஏவந்தியா பாத்திரம்... அமானிதம்... வெறுசாக் குடுக்காத."

அவ்வளவுதான். நானும் பக்கத்தில் இருந்தேன். அமானிதம் என்றால் அடுத்தவர் பொருள், பத்திரமாக வைத்திருந்து திருப்பவேண்டியது.

காரியமெல்லாம் முடிந்து மதினி ஸ்டூல் போட்டு ஏறினாள். உச்சியில் ரோஜாப்பூ போட்ட பெரிய பீங்கான் கிண்ணம் ஒன்று, மூடியும் காதும் தங்க நிறமாக, தூசிக்குள்ளேயும் பளபளத்தது. அந்தப் பாத்திரம் எப்படி இருந்தது என்று மதினிக்கு நினைவில்லை, ஆனால் கிரேக்கப் பெண்ணின் பாத்திரம் என்றால் இப்படித்தானே இருக்கும்! மதினி அதைக் குழந்தையைத் தூக்குவதுபோல இறக்கி, பழைய வெல்வெட் திரையில் சுற்றிப் பெட்டிக்குள் வைத்தாள். உச்சியில் கூடவே கிடந்த தகரம், சட்டி, நசுங்கிய எனாமல் சாமான் எல்லாவற்றையும் பால்கனிக்குத் தள்ளினாள். "என்னிக்காவது அவங்க வருவாங்க. வந்தா நிறைச்சுக் குடுக்கணும்" என்றாள்.

சப்ரி சிரித்தார். "அக்கா, அவங்க போன கப்பலே இந்நேரம் துருப்பிடிச்சு ஆணியாப் போயிருக்கும்."

"நீ அன்னிக்குத் தொட்டில்ல கிடந்து கத்திக்கிட்டு இருந்த பய. பேசாத."

பிறகு பவுண்டின் மதிப்பு விழுந்தது. மதினியின் பென்ஷன் மருந்துக்கும் காப்பிக்கும் இடையில் திண்டாடியது. என் மகள் தன் பழைய போனை அத்தைக்குக் கொடுத்து, பழைய சாமான்களை ஏலம் விடும் ஒரு குழுவில் சேர்த்துவிட்டாள். படம் போடவேண்டும், ஆள் ஆளுக்கு விலை கேட்பார்கள், கடைசியாகக் கேட்டவருக்குச் சாமான். இவ்வளவுதான் விஷயம்.

மதினி முதலில் கட்டிலுக்கடியிலிருந்து தங்கக்கரைத் தேநீர்க் கோப்பைகளை எடுத்தாள். ஒரு கீறல் இல்லை, அட்டைகூட கசங்கவில்லை. ஜன்னல் ஓரமாக வைத்துப் படம் பிடித்துப் போட்டாள். ஒரு நாதி சீந்தவில்லை. "எங்க வீட்லயும் இதே செட்டு அலமாரியில தூங்குது, உங்களுக்கு வேணுமா ஹாஜியம்மா?" என்று ஒருத்தி எழுதியிருந்தாள். மதினிக்கு முகம் செத்துப்போயிற்று. இருக்காதா? அம்மா அவளுக்காகச் சேர்த்த வாழ்க்கை அது. அதை யாரும் வேண்டாம் என்கிறார்கள்.

ஆனால் கூத்து அங்கேதான் ஆரம்பித்தது. படத்தில் கோப்பைகளுக்குப் பின்னால், ஜன்னல் கதவு அடித்துக்கொள்ளாமல் இருக்க முட்டுக் கொடுத்திருந்த ஒரு காலி சென்ட் பாட்டில் தெரிந்தது. "அந்த பாட்டில் என்ன விலை?" என்று ஒருவர் கேட்டார். "நான் முதல்ல கேட்டேன்" என்று இன்னொருத்தி. பொழுது சாய்வதற்குள் அந்தக் காலி பாட்டிலுக்காக ஊரே மல்லுக்கட்டியது.

"இன்சாஃப், இங்க வா, மேல வா!" என்று என்னைக் கூப்பிட்டுப் போனை நீட்டினாள். "ஜனங்களுக்குப் புத்தி கெட்டுப்போச்சா, இல்ல எனக்கா?"

"ரெண்டு பேருக்கும்தான் மதினி. யோசிக்காதீங்க, வித்துத் தள்ளுங்க!"

அப்புறம் அவள் பிடித்துக்கொண்டாள். புதுசு விற்காது, பழசுதான் விற்கும். அதுவும் எதெது விற்றது என்று கேட்டால் சிரிப்பீர்கள். மூடிப்போன சலவைக்கடையின் பெயர் சுட்ட மர ஹாங்கர். வானொலிப் பெட்டி எப்போதோ செத்துப்போய் மிஞ்சிய திருகுக் குமிழ்கள். சோடா அடிக்கும் சைபன் பாட்டில். கதவே இல்லாத ஒரு சாவி. மிட்டாய் டப்பா ஒன்று, உள்ளே பட்டன்களோடு. டப்பாவை எடுத்தவர் பட்டன்களையும் சேர்த்துத்தான் வேண்டும் என்றார், எல்லார் வீட்டு மிட்டாய் டப்பாவிலும் பட்டன்தானே இருந்தது! நான் அன்றைக்குக் குப்பையில் போட்டேனே, அந்தச் சர்க்கரைக் கிண்ண மூடி? தந்தா ஊரிலிருந்து ஒரு பெண் எடுத்தாள். அவள் அம்மா இறந்த வீட்டில் வந்தவர்களுக்கு காப்பி கொடுக்கும்போது மூடி விழுந்து உடைந்ததாம். கிண்ணம் இத்தனை வருஷமாக மூடியில்லாமல் நின்றதாம். அதைப் படித்துவிட்டு மதினி என்னைப் பார்த்த பார்வையில் நான் அடுப்படிக்குள் போய்விட்டேன்.

அவளுடைய ஏலத்துக்குச் சட்டம் ஒன்று உண்டு. எங்கள் சந்துப் பள்ளிவாசலில் பொழுது சாய்ந்து மக்ரிப் பாங்கு சொல்ல ஆரம்பித்ததும் ஏலம் முடிந்தது. கெய்ரோக்காரர்கள் மல்லுக்கு நிற்பார்கள். அங்கே பாங்கு கொஞ்சம் முன்னாடியே சொல்லிவிடுவார்கள். தங்கள் பாங்கைக் கேட்டுவிட்டு ஜெயித்ததாக நினைத்துத் தொழப் போவார்கள். திரும்பி வந்து பார்த்தால் அலெக்சாந்திரியாக்காரன் ஒருத்தன் மேலே ஏறி உட்கார்ந்திருப்பான். "எங்க ஊர்ச் சூரியன் மெதுவாத்தான் இறங்கும், நான் என்ன பண்ண?" என்பாள் மதினி. ஒரு தடவை முடிந்தால் முடிந்ததுதான். அப்புறம் இரண்டு மடங்கு தருகிறேன் என்று யார் வந்தாலும் அசையமாட்டாள். வாக்கு என்றால் வாக்கு. அதனால்தான் அவளிடம் கண்ணை மூடிக்கொண்டு வாங்கினார்கள்.

கெய்ரோவில் பயூமி என்று ஒரு பழம்பொருள் வியாபாரி. அவருக்கு எப்படியோ ரோஜாக் கிண்ணத்தின் சேதி எட்டிவிட்டது. சப்ரிதான் உளறியிருப்பார், வேறு யார்! பயூமி தலைகீழாக நின்று பார்த்தார். மதினியின் பல் முழுவதையும் கட்டி, மிச்சத்துக்கு ஒரு சலவை இயந்திரமும் வாங்கலாம், அப்படி ஒரு விலை.

"அது என்னுது இல்லய்யா. அமானிதம்" என்றாள்.

"அவங்க எங்க ஹாஜியம்மா வரப்போறாங்க?"

"வரலைன்னா நான் போனப்புறம் இன்சாஃப் வச்சிருப்பா. அவளுக்கப்புறம் அவ மக."

எனக்கு எரிச்சலாக வந்தது. வாயில் மென்று தின்னப் பல் இல்லை, பெட்டிக்குள்ளே பொக்கிஷம்! "யாரோ போனவங்களுக்காக நீங்க ரொட்டியக் காப்பியில நனைச்சுத் தின்னுக்கிட்டுக் கிடங்க" என்று கத்தினேன். அவள் பெட்டியை இன்னும் கொஞ்சம் உள்ளே தள்ளினாள்.

போன வசந்த காலத்தில் அவள் பால்கனியில் ஒரு பழைய அரிக்கேன் விளக்கைத் தொங்கவிட்டுப் படம் போட்டாள். விளக்கை யாரும் கேட்கவில்லை. "பின்னாடி துணிக்கிளிப் போட்டு வச்சிருக்கிற பாத்திரம் என்ன விலை?" என்று கேட்டார் பயூமி. வெள்ளைப் புள்ளி போட்ட நீல எனாமல் பாத்திரம், விளிம்பெல்லாம் சிராய்த்துக் கறுத்தது. மழையும் வெயிலும் பட்டு வருஷக்கணக்காக அங்கே கிடந்தது. அந்தக் காலத்து அவரைக் குழம்பை அந்தக் காலத்துப் பாத்திரத்திலேயே பரிமாறும் ஓட்டல் ஒன்றுக்கு அவர் சாமான் சேர்த்துக்கொண்டிருந்தாராம்.

மதினி கிளிப்புகளை என் மடியில் கொட்டிவிட்டு, பாத்திரத்தைத் துலக்கி, முன்னால் ஒன்று, பக்கத்தில் ஒன்று, கவிழ்த்து அடிப்பக்கம் ஒன்று என்று படம் பிடித்துப் போட்டாள். அடிப்பக்கம் பார்க்காமல் எவனும் விலை கேட்கமாட்டான். அடியில் பச்சையாக ஒரு தீற்றல் இருந்தது. "பால்கனிக் கதவுக்கு அடிச்ச பெயிண்டு தெறிச்சிருக்கு" என்று நகத்தால் சுரண்டிப் பார்த்தாள், வரவில்லை, விட்டுவிட்டாள். சாயங்காலம் பயூமி இந்தத் தடவை கெய்ரோப் பாங்கை நம்பாமல் கடைசி மூச்சுவரை நின்று ஜெயித்தார்.

மறுநாள் காலையில் நான் மேலே போய் அவள் அடுப்படியில் காப்பி கலந்துகொண்டிருந்தேன். கீழே பார்சல் எடுத்துப்போகும் மஹ்ரூஸ் மோட்டார் சைக்கிளை நிறுத்தி ஹாரன் அடித்தான். மதினி வழக்கம்போல பொட்டலத்தைக் கூடையில் வைத்துக் கயிற்றில் இறக்கினாள். அந்த நேரம் பார்த்து அவள் போன் கிணுகிணுத்தது.

"யாருன்னு பாருடி, கை வேலையா இருக்கு."

குரல் செய்தி. சத்தமாக வைத்தேன். ஒரு கிழட்டுக் குரல், ஆனால் பேச்சு அசல் எங்கள் அத்தாரீன் பேச்சு. என் மாமியார் போன பிறகு அப்படிப் பேசும் வாயை நான் கேட்டதில்லை.

"பஹீகா... நீ தஃபீதா அத்தை மக பஹீகாவா? நான் ஃபொதினி, கிரீஸ்ல பிரேயுஸ்ல இருந்து பேசறேன். யாரோ அந்தப் படத்த அனுப்பினாங்க. அடியில பச்சையா இருக்கே, அது எங்கப்பா படகுக்கு அடிச்ச பெயிண்டு. ரொட்டிக்கடை அடுப்புல பாத்திரம் மாறிடக்கூடாதுன்னு எங்கம்மா எல்லாத்துலயும் அதத்தான் தடவி வைப்பா. உங்க வீட்டு அடையாளம் சிவப்பு. அதோட மூடி இங்க எங்ககிட்ட இருக்கு. ஏலம் முடிஞ்சுபோச்சாம், நான் லேட்டு. யார் எடுத்தாங்கன்னு மட்டும் சொல்லு, அவங்க காலப் பிடிச்சாவது..."

மதினி கயிற்றோடு சிலையாக நின்றாள். அப்புறம் ஒரே இழுப்பு இழுத்தாள் பாருங்கள்! பொட்டலத்தில் கை வைத்திருந்த மஹ்ரூஸ் கூடையோடு எம்பினான்.

"என்ன ஹாஜியம்மா இது! விடுங்க!"

"நீ விடுடா!"

"ரசீது போட்டாச்சு ஹாஜியம்மா, நான் பதில் சொல்லணும்!"

"நான் அல்லாவுக்குப் பதில் சொல்லணும்டா, விடு!"

மேலே இவள், கீழே அவன். சந்து கூடிவிட்டது. காய்கறி வண்டிக்காரன் "இழு இழு" என்று மஹ்ரூஸுக்குத் தாளம் போட்டான். எனக்கு இடுப்பு வலி, அதையெல்லாம் மறந்து ஓடிப்போய் மதினியின் பின்னால் நின்று கயிற்றைப் பிடித்தேன். இரண்டு கிழவிகள் சேர்ந்து இழுத்தால் மூன்று பிள்ளை பெற்ற மஹ்ரூஸ் என்ன செய்வான்? விட்டான். கூடை மேலே வந்தது, நாங்கள் இருவரும் பால்கனித் தரையில் விழுந்தோம்.

மதினி அங்கேயே உட்கார்ந்து பொட்டலத்தைப் பிரித்தாள். பாத்திரத்தைக் கவிழ்த்துப் பச்சையைத் தடவினாள். நான் உள்ளே ஓடி ரோஜாக் கிண்ணத்தை எடுத்துவந்து அதையும் கவிழ்த்தேன். அடியில் துளி நிறம் இல்லை. சிவப்பும் இல்லை, பச்சையும் இல்லை. வாசற்படி தாண்டாத பாத்திரத்துக்கு எதற்கு அடையாளம்? அது மாமியாரின் சொந்தக் கல்யாணச் சீர். விருந்தாளிக்கு என்று எடுத்துவைத்து, எந்த விருந்தாளியும் தகுதியாகத் தோன்றாமல், கடைசிவரை எடுக்காத கிண்ணம்.

"அம்மா காட்டினது இத இல்ல" என்றாள் மதினி. பாத்திரத்தை மடியில் வைத்துக்கொண்டாள். "உசுர் போற நேரத்துல ஒன்னே ஒன்னு சொன்னா. நான் அதுல கிளிப்பு போட்டு வச்சிருந்தேன்டி இன்சாஃப். மினுக்குறதப் பாத்து ஏமாந்துட்டேன். அவங்க துறைமுகக் கூலிக்காரங்க, அவங்களுக்கு ஏதுடி ரோஜாப்பூக் கிண்ணம்?"

சண்டைக்குப் போனவனின் சேதி வந்த அன்றும் அவள் அழவில்லை என்று சப்ரி சொல்லியிருக்கிறார். அன்றைக்கு அழுதாள். எனக்கும் தாங்கவில்லை, அவள் தலையை என் தோளில் சாய்த்துக்கொண்டேன்.

மத்தியானத்துக்குள் பயூமி போனில் பிடித்துக்கொண்டார். நியாயம் அவர் பக்கம்.

"ஹாஜியம்மா, ஊரெல்லாம் ஏமாத்துறான், பஹீகா ஏமாத்தமாட்டாங்கன்னுதானே உங்ககிட்ட வாங்குறோம்? பாங்கு சொல்ல முந்தி கேட்டது நான்தானே?"

"நீங்கதான்."

"அப்ப பாத்திரம் எனக்கு."

"அது என் பொருள் இல்லய்யா. என் பொருள் இல்லாதத ஏலம் போட்டது என் தப்பு."

"ஆளாளுக்கு இப்படிச் சொன்னா வியாபாரம் உருப்படுமா? நாளைக்கு உங்க வாக்க எவன் நம்புவான்?"

அது சுருக்கென்று தைத்திருக்கவேண்டும். மதினி மேசைப் பக்கம் திரும்பினாள். மேசைமேல் ரோஜாக் கிண்ணம் பளபளத்துக்கொண்டிருந்தது. இப்போது அது அமானிதம் இல்லை. அவளுடையது, முழுக்க அவளுடையது. என் மனசில் உடனே வந்தது அவளுடைய பல்தான். "வித்துடுங்க மதினி, இப்பவே வித்துடுங்க" என்று காதோரம் கிசுகிசுத்தேன்.

"பயூமி" என்றாள். "எனாமல் பாத்திரத்துக்குப் பதிலா ரோஜாக் கிண்ணத்த அனுப்புறேன். நேத்து நீங்க கேட்ட அதே விலைக்கு. ஒத்துக்கறீங்களா?"

பயூமி தான் வியாபாரி என்பதையே மறந்துவிட்டார்.

"ஹாஜியம்மா... அது என்ன பெறும்னு தெரியுமா?"

"தெரியாம என்ன? நீங்கதானே தலைகீழா நின்னு சொன்னீங்க. உங்களுக்கு நட்டம் வராம முடிச்சாத்தான் என் வாக்கு வாக்கு."

நான் தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். கிளிப் பாத்திரத்தின் விலைக்கு ரோஜாக் கிண்ணமா! புத்தியுள்ளவள் செய்கிற காரியமா இது! "கொண்டு போய்க் கொட்டுங்க, எல்லாத்தையும் கொண்டு போய்க் கொட்டுங்க" என்று திட்டிக்கொண்டே, வைக்கோல் எடுத்துக் கொடுத்ததும் நான்தான். அவள் அதைப் பொதிந்து கட்டினாள், அந்த அரசாங்கக் கடையில் கட்டியதுபோலவே மூலை மடித்து. மஹ்ரூஸ் திரும்ப வந்தபோது சந்தேகத்தோடு கயிற்றை ஒருமுறை ஆட்டிப் பார்த்துவிட்டுத்தான் பொட்டலத்தில் கை வைத்தான்.

சாயங்காலம் மதினி மாவு பிசைந்தாள். நெய், எள், உள்ளே பேரீச்சம்பழம். தட்டுகளோடு முக்கு ரொட்டிக் கடைக்குப் போனோம். "பெருநாளுக்கு இன்னும் எவ்வளவோ கிடக்கே, பிறைய நீங்க ரெண்டு பேர் மட்டும் தனியாப் பாத்துட்டீங்களா?" என்றான் கடைக்காரன்.

"இது பழைய பெருநாள் பாக்கிடா, அடுப்பத் தொற" என்றாள் மதினி.

கஹ்க் ஆறியதும் பாத்திரத்தில் வட்டம் வட்டமாக அடுக்கினாள். உடையாமல் போகவேண்டுமே என்று ஒவ்வொன்றுக்கும் காகிதம். படிக்கட்டில் இறங்கும்போது, எதிர்வீட்டு வாசலில் கொஞ்சம் நின்றாள். அங்கே இப்போது ஒரு பல் டாக்டர் இருக்கிறார். கதவு சாத்தியிருந்தது. அப்புறம் ஃபொதினியிடம் கேட்டு வாங்கிய விலாசத்தோடு தபால் ஆபீசுக்குப் போனோம்.

பார்சல் போய்ச் சேர்ந்ததும் ஃபொதினியிடமிருந்து குரல் செய்தி வந்தது. ஆனால் பேசியது ஃபொதினி இல்லை. நடுங்கும் குரல், ஆனால் அதிகாரம் குறையவில்லை. ஏவந்தியா உயிரோடு இருந்தார்! நான் மதினியின் கையைப் பிடித்துக்கொண்டேன்.

"தஃபீதா! என்னடி இவ்வளவு லேட்டு? நீ எப்பவுமே இப்படித்தான், பெருநாள் பெருநாள்னு தள்ளிப்போடுவ. கப்பல்ல ஏறி நின்னு பாத்துக்கிட்டே இருந்தேன், படித்துறையில பாத்திரத்தோட ஓடி வருவன்னு. சரி, இருக்கட்டும். எள்ளு கம்மி. அடுத்த தடவை எள்ளு நிறையப் போடு."

பின்னால் ஃபொதினியின் குரல் கேட்டது. "அம்மா, அது பஹீகா... தஃபீதா அத்தை இப்ப..." அத்தோடு செய்தி நின்றது.

மதினி பதில் சொல்லப் போனை வாயருகே கொண்டுபோனாள். "நான் தஃபீதா மக" என்று சொல்லப்போகிறாள் என்றுதான் நினைத்தேன். அவள் தொண்டையைச் செருமிக்கொண்டு, என் மாமியார் பேசுவதுபோலவே மெதுவாக இழுத்துச் சொன்னாள்.

"கோவிச்சுக்காத ஏவந்தியா. அடுப்புல கூட்டம். அதான் லேட்டாயிடுச்சு."

கோடை முடியும் சமயம் பிரேயுஸிலிருந்து ஒரு பார்சல் வந்தது. திறந்தோம். அதே நீல எனாமல் பாத்திரம். மேலே அதன் மூடி, அதே வெள்ளைப் புள்ளி, ஒரு சிராய்ப்பு இல்லாமல். திறந்தால் உள்ளே விளிம்புவரை ஆரஞ்சு வாசனையோடு முறுக்கிச் சுட்ட பிஸ்கட்டுகள். ஒரே ஒரு துண்டுச் சீட்டு, ஃபொதினியின் கோணல் அரபு எழுத்தில்: "வெறுசாக் குடுக்கக்கூடாதாம். அம்மா சத்தம் போடுறா."

"அட கஷ்டமே!" என்றேன். "மறுபடியும் நம்ம கையிலயா! இனி நாம நிறைச்சு அனுப்பணும், அவங்க நிறைச்சு அனுப்பணும். தபால் கூலிக்கே சொத்து அழிஞ்சுபோகும் மதினி!"

மதினி ஒரு பிஸ்கட்டை எடுத்துக் காப்பியில் நனைத்தாள். பல்லில்லாத வாயால் மென்றுகொண்டே சிரித்தாள். அப்படி அவள் சிரித்து நான் பார்த்து எத்தனை வருஷமாயிற்று!

இரண்டு நாள் கழித்து பயூமி எழுதியிருந்தார். மூடியோடு இருக்கிற படத்தை எங்கேயோ பார்த்துவிட்டாராம், ஓட்டல்காரர் என்ன விலையானாலும் கொடுக்கத் தயாராம். மதினி போனை என்னிடம் கொடுத்து எழுதச் சொன்னாள்.

"அது விக்கிற பாத்திரம் இல்ல, வந்துபோற பாத்திரம்னு எழுதுடி."

எழுதினேன். எழுதி முடிப்பதற்குள் அடுப்படியிலிருந்து அடுத்த சத்தம் வந்தது.

"எழுதிட்டியா? கடைக்குப் போய் எள்ளு வாங்கிட்டு வா. நிறைய வாங்கு, கிழவி திட்டுறா."

செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பினேன்.